கம்பிச் சக்கரம் ஏன் ஒடிகிறது?

கேள்வி: ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடால் மரத்தில் நுணுக்கமான வடிவங்கள் வெட்டும் ரம்பம்) பழகி ஒரு வருடம் ஆகிறது. 1961 ஜாகுவார் இ-டைப் காரின் பக்கவாட்டுப் படத்தை 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டுகிறேன். நீள பானெட், கூரை எல்லாம் அழகாக வருகின்றன. சக்கரக் கம்பிகள் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒடிந்துவிடுகின்றன. பிளேடை மாற்ற வேண்டுமா? ஃபிரேமுக்குக் கண்ணாடி போடலாமா?

பதில்: பிளேடு மேல் தப்பில்லை, கணக்குதான் இடிக்கிறது. அந்தக் கார் வந்தபோது அதன் சக்கரத்தில் 72 கம்பிகள். படத்தில் சக்கரம் 4 செ.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவை 72 பங்கு போட்டால் ஒரு கம்பிக்கும் அதன் இடைவெளிக்கும் சேர்த்தே சுமார் 1.75 மி.மீ.தான். நடுவே போகப்போக அதுவும் சுருங்கும். மரம் எப்படி நிற்கும்? நானும் முதல் இ-டைப்பில் ஒரு கம்பிகூட விடாமல் வரைந்து மூன்று பலகைகளை இழந்தேன். நான்காவதில் 16 கம்பிகளோடு நிறுத்தினேன். எட்ட நின்று பார்த்தால் கம்பிச் சக்கரமேதான்.

டயரையும் கவனியுங்கள். கறுப்பாகத் தெரிய வேண்டிய இடங்களைத்தான் வெட்டியெடுக்கிறோம், டயரும் கறுப்புதானே என்று முழு வளையத்தையும் எடுத்துவிட்டால் ரிம் பிடிமானமில்லாமல் கழன்று விழும். தரையைத் தொடும் இடத்திலும், வெளிச்சம் படும் ஓரத்திலும் 3 மி.மீ. அகலத்துக்கு மரத்தை வெட்டாமல் பாலமாக விடுங்கள்.

கம்பிகளின் இடைவெளிகளை முதலில் வெட்டுங்கள், டயரைக் கடைசியில். சுற்றிலும் மரம் கெட்டியாக இருக்கும்போதே மெல்லிய வேலை முடிந்துவிட வேண்டும். இரண்டு பலகைகளை டேப் சுற்றிச் சேர்த்து வெட்டினால் ஒன்றை ஒன்று தாங்கும். 2/0 என்ற மெல்லிய அளவில் தட்டை பிளேடு போதும். ஸ்பைரல் பிளேடு (முறுக்கிய, எல்லாப் பக்கமும் பல் உள்ளது) என்றால் பலகையைத் திருப்பவே வேண்டாம், உண்மைதான். ஆனால் நேர்கோட்டில் அலையும், வெட்டும் அகலமாகும்.

ஒடிவது வெட்டும்போதா, பலகையில் ஒட்டிய வரைபடத் தாளை உரிக்கும்போதா? என் கையில் பாதிக் கம்பிகள் போனது உரிக்கும்போதுதான். பலகையில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் தாள் என்று ஒட்டினால் பூப்போல வரும்.

கண்ணாடி போடலாம், ஆனால் மரத்தை ஒட்டி வேண்டாம். கண்ணாடி 2, இடைவெளிக் கட்டை 5, படம் 3, பின்பலகை 3 என்று 13 மி.மீ. ஆகிவிடும். சாதாரண போட்டோ ஃபிரேமில் அந்த ஆழம் இருக்காது, 15 மி.மீ. உள்வெட்டு (கண்ணாடியும் படமும் உட்காரும் பள்ளம்) உள்ள சட்டமாகப் பாருங்கள். எனக்குக் கண்ணாடி இல்லாமல்தான் பிடிக்கும். வெட்டின விளிம்பு தெரிய வேண்டும். பின்னால் கறுப்பு ஃபெல்ட் துணி வையுங்கள். பசையை பானெட், கதவு போன்ற அகலமான இடங்களில் மட்டும் தடவுங்கள், கம்பிகளைத் தொடவே வேண்டாம்.