புதிய தொழில்நுட்பங்கள் குறித்து முடிவெடுக்கும்போது சாதாரண மக்களிடம் கருத்துக் கேட்பதால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு, ஆனால் எப்போது கேட்கிறார்கள், கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. துறையறிவு இல்லாதவர் மரபணு மாற்றத்தைப் பற்றி என்ன சொல்லிவிடப் போகிறார் என்ற ஐயம் எனக்கும் இருந்தது. டென்மார்க்கில் 1987-இல் தொடங்கிய கருத்தொருமிப்பு மாநாடுகளைப் பற்றிப் படித்த பிறகே அது விலகியது.

அங்கே நாடாளுமன்றத்துக்குத் தொழில்நுட்பம் குறித்து ஆலோசனை சொன்ன தொழில்நுட்ப வாரியம், அத்துறையோடு தொடர்பில்லாத ஏறத்தாழ 15 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வார இறுதிகளில் அடிப்படைகளைப் படிக்க வைத்தது. எந்தக் கேள்விகளை எழுப்புவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள், எந்த நிபுணர்களை அழைப்பது என்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. பொது அரங்கில் நிபுணர்களைத் துருவித் துருவிக் கேட்ட பின், தனியே அமர்ந்து, பல நேரம் நள்ளிரவு தாண்டியும், அறிக்கையை எழுதினார்கள். அது வாசிக்கப்படும்போது நிபுணர்கள் தகவல் பிழையைத் திருத்தலாமே தவிர, முடிவில் கைவைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். முதல் மாநாட்டுக்குப் பின், விலங்குகளில் மரபணுத் தொழில்நுட்ப ஆய்வுக்குத் தேசியத் திட்டத்தில் நிதி ஒதுக்குவதில்லை என்று நாடாளுமன்றம் முடிவெடுத்தது.

இந்தச் சாதாரண மக்களிடம் யாரும் அறிவியல் தீர்ப்பை எதிர்பார்க்கவில்லை. இது வேலை செய்யுமா என்பதற்கு நிபுணர் பதில் சொல்வார். தவறினால் நட்டம் யார் தலையில் விழும், வேண்டாம் என்பவருக்கு விலகி நிற்க வழி உண்டா என்பவற்றுக்கு அவருடைய பட்டம் உதவாது.

பிரிட்டனில் 2003-இல் மரபணு மாற்றப் பயிர்கள் பற்றி நடந்த தேசிய விவாதம் வேறு கதை. 600-க்கும் மேற்பட்ட கூட்டங்கள், சுமார் 37,000 கருத்துப் படிவங்கள். ஆனால் அப்பயிர்கள் வயல்வெளி உயிரினங்களை எப்படிப் பாதிக்கின்றன என்ற சோதனை முடிவுகள், விவாத அறிக்கை வந்த பிறகு அக்டோபரில்தான் வெளியாயின. மக்கள் எதை வைத்துப் பேசியிருப்பார்கள்? இருந்தும், தனியே தேர்ந்தெடுக்கப்பட்டு விஷயத்தை ஆழமாகப் படித்த சிறு குழுவினரிடம், விவரம் தெரியத் தெரியக் கவலை கூடியது. மக்களுக்குப் புரிய வைத்தால் எதிர்ப்பு கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

15 பேர் ஒரு நாட்டைப் பிரதிபலிக்க முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானது. அவர்கள் வாக்குச்சீட்டுக்கு மாற்றல்ல. நாடாளுமன்றம் கேட்கத் தவறிய கேள்விகளைக் கொண்டுவருபவர்கள். செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் இன்று பல இடங்களில் கருத்துக் கேட்பதோ, மென்பொருளை வாங்கி அலுவலகங்களில் நிறுவிய பின்னர். டென்மார்க் வாரியத்துக்கான அரசு நிதியும் 2011-உடன் நின்றுபோய், அது இப்போது ஓர் அறக்கட்டளையாக இயங்குகிறது.