முகாமுக்கு அடுத்த திங்கட்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எங்கள் சபையும் வேறு இரண்டு சபைகளும் சேர்ந்து மூன்று நாள் வாலிபர் முகாம் நடத்தினோம். கடைசி இரவு அழைப்புக் கொடுத்தபோது நிறையப் பேர் எழுந்து முன்னால் வந்தார்கள். அழுதார்கள், ஜெபித்தார்கள். இயேசுவைப் பின்பற்ற முடிவெடுத்தவர்கள் நிரப்பிக் கொடுக்கிற தீர்மான அட்டைகள் 86 நிரம்பின. எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துத் தினமும் ஒரு வசனம் அனுப்பி வருகிறோம். இரண்டு மாதம் ஆகிவிட்டது. வாலிபர் கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் 7 பேர். குழுவிலிருந்து பாதிப் பேர் விலகிவிட்டார்கள். கமிட்டியில் சொன்னால், "விதைப்பது நம் வேலை, விளையச் செய்வது தேவன். அடுத்த முகாமுக்கு ஆக வேண்டியதைப் பாருங்கள்" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அட்டைகளெல்லாம் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. அந்த இரவு நடந்தது உண்மையா, வெறும் உணர்ச்சியா? இனி நான் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கமிட்டி சொன்ன வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இது: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்." நாம் முதலையும் கடைசியையும் சொல்லிவிட்டு நடுவில் நிற்கிற ஆளை விட்டுவிடுகிறோம். நீர்ப்பாய்ச்சினவன் ஒருவன் இருந்தான், அவனுக்குப் பெயரும் இருந்தது.

அந்த அப்பொல்லோவின் கதையையும் பாருங்கள். எபேசுவுக்கு வந்தபோது அவன் நன்றாகப் பேசுகிறவன், வேதவாக்கியங்களில் வல்லவன், ஆனால் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்தவன். ஜெப ஆலயத்தில் அவன் பேசியதைக் கேட்ட ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்துக் காட்டினார்கள் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. கூடாரம் செய்து பிழைத்த ஒரு கணவனும் மனைவியும் ஒரே ஓர் ஆளுக்காக நேரம் ஒதுக்கினார்கள். பின்னாளில் கொரிந்துவில் நீர்ப்பாய்ச்சியவன் அவன்தான். விளையச் செய்கிறவர் தேவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லி வாளியைக் கீழே வைத்துவிடலாம் என்று பவுல் எங்கும் எழுதவில்லை.

உண்மையா, உணர்ச்சியா என்று கேட்டிருந்தீர்கள். அது அந்த இரவில் உங்களுக்கும் தெரியாது, முன்னால் வந்தவர்களில் பலருக்கும் தெரியாது. ஒருவன் வந்தது அப்பாவின் மரணத்தைப் பற்றி முதன்முறையாக வாய்விட்டு அழ முடிந்ததால். இன்னொருத்தி தோழி எழுந்ததால் எழுந்திருப்பாள். ஒருவனுக்குத் தேர்வு பயம். ஒருவன் பல மாதமாகத் தனியாக வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்குத்தான் வெளியே சொன்னான். நான்கு பேரும் ஒரே அட்டையில் ஒரே கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள். அட்டையை எண்ணினால் நான்கு இரட்சிப்பு என்று வரும். உட்கார்ந்து பேசினால்தான் நான்கு வேறு வேறு வாழ்க்கை என்று தெரியும். அதனால் பின்தொடர் பணியின் முதல் கேள்வி "ஏன் கூட்டத்துக்கு வரவில்லை?" என்பதாக இருக்கவே கூடாது. "அன்றைக்கு உனக்குள் என்ன நடந்தது? உன் வார்த்தையிலேயே சொல்" என்று கேளுங்கள். அப்புறம் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவன் பதிலைத் திருத்தவும் வேண்டாம், சாட்சியாக மாற்றி மேடையில் ஏற்றவும் வேண்டாம்.

முகாம் முடிந்த திங்கட்கிழமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் பாட்டு, நண்பர்கள், நேரத்துக்கு ஜெபம், கையில் போன் இல்லை. திங்கட்கிழமை காலை எல்லாம் பழையபடி. அதே வகுப்பு, அதே கேலி, அதே போன். செவ்வாய்க்கிழமை தம்பியோடு சண்டை போட்டு, விட்டுவிட்டேன் என்று ஜெபித்த அதே கெட்ட வார்த்தையைச் சொல்லிவிடுகிறான். புதன்கிழமை ஜெபிக்க உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றவில்லை. முகாமில் வந்த கண்ணீர் வரவில்லை. அவனாக ஒரு முடிவுக்கு வருகிறான்: "அது நிஜமில்லை. இல்லையென்றால் நான் அதற்கு லாயக்கில்லை." இந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் யாராவது ஒருவர் அவனிடம், "இப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்தது, சண்டை போட்டதை ஆண்டவரிடம் சொல், தம்பியிடமும் போய் மன்னிப்புக் கேள்" என்று சொல்லியிருந்தால் போதும். உங்கள் குழுவில் அந்தப் புதன்கிழமை அழகான பூப்படத்தோடு ஒரு வசனம் போயிருக்கும். வசனத்தில் குறை இல்லை. ஆனால் அவனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது, பதில் பேசக்கூடிய ஓர் ஆள்.

அந்தக் குழுவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 86 பேரை ஒரே குழுவில் சேர்த்தபோது ஒவ்வொரு பெண்ணின் எண்ணும் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் போய்விட்டது. யார் முடிவெடுத்தார்கள் என்ற பட்டியலும் எல்லோர் கையிலும் இருக்கிறது. வீட்டில் இன்னும் சொல்லாத பிள்ளைக்கு இது ஆபத்தாகவும் முடியலாம். விலகியவர்களில் சிலர் விசுவாசத்தைவிட்டு விலகவில்லை, அந்தக் குழுவைவிட்டு மட்டும்தான் விலகினார்கள் என்றே நினைக்கிறேன். அதை மூடிவிடுங்கள்.

ஆள் வேண்டும் என்பது இன்றைக்குக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பவுல் தெசலோனிக்கேயாவின் ஜெப ஆலயத்தில் மூன்று ஓய்வுநாள் பேசினார், கலகம் வந்தது, இரவோடு இரவாகக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தப் புது விசுவாசிகள் என்ன ஆனார்களோ என்று பொறுக்க முடியாமல், அத்தேனேயில் தான் தனியாக இருந்தாலும் பரவாயில்லை என்று தீமோத்தேயுவை அனுப்பினார். லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அடுத்த ஊரில் சுவிசேஷம் சொல்லி முடித்ததும் அதே லீஸ்திராவுக்குத் திரும்பிப் போய்ச் சீஷரைத் திடப்படுத்தினார். எத்தியோப்பிய மந்திரியை ஞானஸ்நானத்தோடு விட்டுவிட்டுப் பிலிப்பு போகவில்லையா என்று உங்கள் கமிட்டியில் யாராவது கேட்கலாம். ஆவியானவர் பிலிப்புவைக் கொண்டுபோய்விட்டார். நம்மை அப்படி யாரும் கொண்டுபோகவில்லை, நாம் அந்த ஊரிலேயேதான் இருக்கிறோம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் தொடங்கியது 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், ஒரு கட்டடக் கடனால். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். ஏழைகளால் முடியாதே என்றபோது, மிக ஏழைகளாகப் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாரம்தோறும் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாததை நான் போடுகிறேன் என்றார். மற்றவர்களும் அப்படியே பொறுப்பெடுத்து வீடு வீடாகப் போனார்கள். போன இடத்தில் காசைவிட முக்கியமானது கண்ணில் பட்டது. குடியில் திரும்ப விழுந்தவன், வீட்டில் சண்டை, நோய், சோர்வு எல்லாம் தெரியவந்தது. வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஒரு முறை ஒவ்வொருவரின் ஆத்துமாவும் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது. எழுப்பப்பட்டவர்களைச் சேர்த்துவைத்து வளர்க்காமல் பிரசங்கம் மட்டும் செய்வது, கொலைகாரனுக்குப் பிள்ளை பெற்றுக்கொடுப்பது போல என்று 1763-இல் தன் நாட்குறிப்பில் கடுமையாகவே எழுதினார். ஆயிரக்கணக்கானோருக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்த மனிதர் சொன்னது இது. பெரிய கூட்டங்களை வெறுத்தவர் சொன்னதல்ல.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரஹாம் தன் கூட்டங்களின் பின்தொடர் பணியை ஒழுங்குபடுத்த டாசன் டிராட்மேனின் உதவியைத்தான் நாடினார். 1933-இல் மாலுமிகள் நடுவில் நேவிகேட்டர்ஸ் ஊழியத்தைத் தொடங்கியவர் இந்த டிராட்மேன். அந்த ஆரம்ப நாட்களில் அவரிடம் கற்ற ஒரு மாலுமி தன் கப்பல் நண்பனை அழைத்துவந்து, "எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இவனுக்கும் சொல்லிக்கொடுங்கள்" என்றானாம். "நீயே சொல்லிக்கொடு" என்றார் டிராட்மேன். உங்கள் 86 பேரில் பலரை யாரோ ஒரு நண்பன்தான் முகாமுக்கு அழைத்து வந்திருப்பான். பேதுருவை இயேசுவிடம் கூட்டிவந்த அந்திரேயா மாதிரி. அந்த நண்பனை நாம் கூட்டம் சேர்க்க மட்டும் பயன்படுத்துகிறோம். அழைப்புக் கொடுத்ததும் அவனை ஓரமாக நிறுத்திவிட்டு, முன்பின் தெரியாத கவுன்சிலர் ஒருவரை அனுப்புகிறோம். அவனுக்குத் தெரியாத வேதக் கேள்விகள் இருக்கும், சரி, அதற்குப் பெரியவர் ஒருவர் அவனுக்குப் பின்னால் இருக்கட்டும். ஆனால் புதன்கிழமை பக்கத்தில் இருக்கப்போகிறவன் அவன்தான்.

இதிலிருந்துதான் என் கருத்து வருகிறது, உங்கள் கமிட்டிக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு முகாமுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்பதைப் பந்தலின் அளவோ பட்ஜெட்டோ முடிவு செய்யக் கூடாது. முகாமுக்குப் பிறகு கூட நடக்க எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் நேர்மையாகப் பார்த்துக்கொள்ள முடிவது மூன்று பேரை. 86 பேர் என்றால் 29 பேர் வேண்டும். உங்களிடம் பத்துப் பேர்தான் என்றால், முப்பது பிள்ளைகளோடு முகாம் நடத்துங்கள். அறிக்கையில் எண் சிறியதாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அட்டையை நிரப்பும்போது இன்னொன்று செய்யலாம். முன்பக்கம் பெயர், வயது, எண், அந்த எண் யாருடையது (பாதி நேரம் அம்மாவுடையதாக இருக்கும்), தொடர்புகொள்ளலாமா, எப்படி என்பதற்கு அவர்களின் சம்மதம். பின்பக்கம், ஜெபித்தவர் அன்றிரவே இரண்டு வரி எழுத வேண்டும். "பாட்டிக்கு ஆபரேஷன், பயப்படுகிறாள்." "அண்ணன் வீட்டைவிட்டுப் போய்விட்டான்." அந்தரங்கமாகச் சொன்னதை எழுத வேண்டாம், மறுபடி விசாரிக்க ஒரு பிடி கிடைத்தால் போதும். அப்போது முதல் செய்தி "அன்பான விசுவாசியே, ஞாயிறு ஆராதனைக்குத் தவறாமல் வாருங்கள்" என்று போகாது. "பாட்டிக்கு ஆபரேஷன்னு சொன்னியே, இப்ப எப்படி இருக்காங்க?" என்று போகும். இப்படிப்பட்ட செய்திக்குத்தான் பதில் வரும்.

பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். பெற்றோர் வேறு மதத்தவராக இருந்தால் இன்னும் கவனமாக, இன்னும் வெளிப்படையாக இருங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நிறுத்திவிடுங்கள். அம்மா அப்பாவுக்கு மறைத்து வளர்க்கிற விசுவாசம் பொய்யில் தொடங்குகிறது. ஆண்களோடு ஆண்கள், பெண்களோடு பெண்கள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் சந்திப்பு, ராத்திரியில் தனிப்பட்ட சாட் கிடையாது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது சபையில் இன்னொரு பெரியவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது நம்பிக்கையின்மை ஆகாது. இளம் பிள்ளைகள் மனதைத் திறக்கிற இடத்தில் கெட்டவர்களும் வருவார்கள், நல்லவர்களும் எல்லை தாண்டுவார்கள்.

என்ன சொல்லிக்கொடுப்பது என்று பலர் பெரிய பாடத்திட்டம் தேடுகிறார்கள். மாற்கு சுவிசேஷம் போதும். பதினாறே அதிகாரம். வாரம் இரண்டு அதிகாரம், இயேசு இங்கே என்ன செய்தார், உனக்கு இதில் எது உறுத்துகிறது என்று இரண்டு கேள்வி. இரண்டு மாதத்தில் அவன் யாரைப் பின்பற்றுகிறேன் என்று சொன்னானோ அவரை முழுதாகச் சந்தித்திருப்பான். அப்புறம் சபைக்கு வருகிற முதல் ஞாயிறு. அவனோடு ஒருவர் வாசலிலிருந்து சேர்ந்து வந்து பக்கத்தில் உட்கார வேண்டும், எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். உடையைப் பார்த்து முகம் சுளிக்கிற பெரியவர்களிடம் போதகர் முன்கூட்டியே பேசிவைக்கட்டும். மூன்று சபைகள் சேர்ந்து நடத்தியிருக்கிறீர்கள், யாருக்கு எத்தனை பேர் என்று பங்கு பிரிக்காமல், அந்தப் பிள்ளைக்கு எங்கே நண்பன் இருக்கிறானோ அங்கே விடுங்கள்.

பதில் சொல்லாதவர்களும் இருப்பார்கள். ஒரு செய்தி, சில நாள் கழித்து ஒரு அழைப்பு, பிறகு ஒரு கடைசி வரி: "தொந்தரவு செய்ய மாட்டேன், எப்போது பேச வேண்டுமென்றாலும் இந்த எண்ணில் இருப்பேன்." அதோடு நிறுத்துங்கள், ஜெபத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். பணக்கார இளைஞன்மேல் இயேசு அன்புகூர்ந்தார், உள்ளதையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றார், அவன் துக்கமாய்ப் போய்விட்டான் என்று மாற்கு எழுதுகிறார். பின்னாலேயே ஓடி நிபந்தனையைக் குறைத்தார் என்று எழுதவில்லை.

இப்போது உங்களிடம் இருக்கிற அட்டைகள். இரண்டு மாதம் தாமதம்தான், ஆனாலும் காலம் கடந்துவிடவில்லை. அந்த 7 பேரைக் கூப்பிட்டு அட்டைகளை மேசையில் பரப்புங்கள். யாருக்கு யாரைத் தெரியும், யாரை யார் அழைத்துவந்தார்கள் என்று கேளுங்கள். ஒரு முப்பது நாற்பது அட்டைக்காவது ஆள் கிடைக்கும். அவர்கள் நேரில் பார்த்து, "இத்தனை நாள் விசாரிக்காமல் விட்டுவிட்டோம், மன்னித்துக்கொள். எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கட்டும். மிச்ச அட்டைகளுக்கு, எண் அவர்களுடையதுதானா என்று பார்த்துவிட்டு, பையன்களுக்கு நீங்களும் பெண்களுக்குச் சபையில் ஒரு சகோதரியும் ஒரே ஒரு வரி தனித்தனியாக அனுப்புங்கள். கமிட்டி அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்க உட்காரும்போது, தேதிக்கு முன்னால் கூட நடக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேளுங்கள். பட்டியல் வரும்வரை தேதி வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவராவது உங்கள் பக்கம் நிற்பார்.

ஜெபத்துடன்,
அக்கா