இரவு ஷிப்டும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியும்

கேள்வி: வயது 34. இரண்டு வருடமாக இரவு ஷிப்ட். பகலில் ஐந்து மணி நேரம் தூங்கினால் பெரிது, வேலையில் டென்ஷனும் அதிகம். ஆறு மாதமாகத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. ஷிப்ட் முடிந்து வரும் வழியில் காலை 8 மணிக்கு ரத்தம் கொடுத்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 262 என்று வந்தது. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஜிம் நண்பர். குழந்தைக்கும் முயன்றுகொண்டிருக்கிறோம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். குழந்தைக்கு முயல்பவருக்கு இந்த ஊசி நேர் எதிர் வேலை செய்யும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், இருப்பு போதும் என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளை வேலை செய்ய வைக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் குறைத்துவிடும். அவை குறைந்தால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். சிலருக்கு எண்ணிக்கை பூஜ்யமாகி, ஊசியை நிறுத்திய பிறகும் மீள ஒரு வருடம்கூட ஆகிறது.

டென்ஷனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஆனால் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால், டெஸ்டோஸ்டிரோனின் மூலப்பொருளைத் திருடிவிடுகிறது என்று இணையத்தில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். கார்டிசால் தயாராவது சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் விரைகளில். அடுத்த வீட்டில் குழம்பு கொதித்தால் நம் வீட்டுப் புளி குறையாது.

விஷயம் மூளையில் இருக்கிறது. கார்டிசால், டெஸ்டோஸ்டிரோன் இரண்டுக்கும் உத்தரவு கிளம்புவது மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்துதான். அழுத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் அது இனப்பெருக்கத்துக்கான சமிக்ஞையைத் தணித்துவிடும். உயிர் பிழைக்கும் வழியைப் பார், பிள்ளை பெறுவதை அப்புறம் பார்க்கலாம் என்பது உடம்பின் கணக்கு. எல்.எச். குறையும், விரைகளும் சோம்பும். கார்டிசால் அளவுக்கு மீறினால் விரைகளிலுள்ள செல்களை நேரடியாகவும் மந்தப்படுத்தும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களிடமும் இதைப் பார்க்கிறோம். எதிர்த்திசையும் உண்டு: டெஸ்டோஸ்டிரோன், அழுத்த ஹார்மோன்களின் எழுச்சியை அடக்குவதை விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு நாள் மேனேஜரிடம் திட்டு வாங்கியதற்கெல்லாம் இப்படி ஆகாது, பயப்பட வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகம் தூக்கத்தின் மேல்தான். டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதே தூக்கத்தில். சிகாகோ பல்கலைக்கழகத்தின் 2011 ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரே வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கியதற்கே அளவு 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. காலையில் ரத்தம் கொடுங்கள் என்று சொல்வது இரவு தூங்கியவர்களுக்கு. நீங்களோ ராத்திரி முழுக்க விழித்துவிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த 262-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய மாட்டேன்.

ஒரு வாரம் லீவு போட்டு இரவில் நன்றாகத் தூங்குங்கள். பிறகு வெறும் வயிற்றில், காலை 7 முதல் 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாட்களில் பரிசோதியுங்கள். இரண்டு முறையும் 300-க்குக் கீழே வந்தால்தான் குறைவு என்போம். கூடவே எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு, சர்க்கரை, விந்தணுப் பரிசோதனையும் வேண்டும். எல்.எச். அதிகமாக இருந்தால் கோளாறு விரையில்; குறைவாகவோ சாதாரணமாகவோ இருந்தால் மேலே, மூளைப் பக்கம்.

கார்டிசால் டெஸ்டுக்குப் பணம் செலவழிக்காதீர்கள், டென்ஷனை அளக்கும் கருவி அல்ல அது. வயிற்றில் ஊதா நிறத் தழும்புக் கோடுகள், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டுவது, உட்கார்ந்து எழத் தொடையில் பலமில்லாமை இருந்தால் மட்டும் அது தேவை. தலைவலியோடு பார்வை மங்கினால் லீவுக்குக் காத்திருக்காமல் உடனே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.