அளந்த மரத்தை மறுபடியும் அளப்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் டாட்டா இன்ஸ்டிடியூட்டில் சூழலியல் ஆய்வு மாணவி. ஆண்டில் பாதி நாள் முதுமலையில்தான் இருக்கிறாள். மரங்களின் பருமனை அளக்கிறார்களாம். நான்கு ஆண்டு கழித்து அதே மரங்களை மறுபடியும் அளப்பார்களாம். செயற்கைக்கோள் படமெடுக்கும் காலத்தில் இதுவும் ஆராய்ச்சியா? யானை நடமாடும் காட்டில் அவள் இருக்க, எங்களுக்கு இங்கே தூக்கம் வருவதில்லை.

ச., அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

உங்கள் மகள் வேலை செய்வது, டாட்டா இன்ஸ்டிடியூட் என்று நீங்கள் சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் மையம் 1988இல் முதுமலையில் வகுத்த 50 ஹெக்டேர் நிலத்தில் என்று ஊகிக்கிறேன். ஒரு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட அந்தப் பரப்பு நம் லால்பாக்கில் ஏறத்தாழப் பாதி. அங்கே நெஞ்சு உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் பருமனை எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணும், வரைபடத்தில் ஓரிடமும் உண்டு. எது செத்தது, எது புதிதாக வந்தது என்பதை ஆண்டுதோறும் குறிக்கிறார்கள். பருமனை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அளக்கிறார்கள்.

செயற்கைக்கோள் காட்டின் தலையைப் பார்க்கிறது. தலைக்குக் கீழே நடப்பது அதற்கு அவ்வளவாகத் தெரியாது. முதல் கணக்கெடுப்பில் அந்நிலத்தில் மிகுதியாக இருந்த மரங்களுள் ஒன்று கைடியா காலிசினா. பெருமரங்களின் நிழலில் நிற்கும் நடுத்தர மரம் அது. யானைகள் ஒடித்தும் பட்டையுரித்தும் தின்றதாலும் இடையிடையே தீ பரவியதாலும் அதன் எண்ணிக்கை சில ஆண்டுகளிலேயே கடுமையாகச் சரிந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு அப்போதும் பச்சைக்குக் குறைவில்லை. இன்ன எண் கொண்ட மரம் சென்ற ஆண்டு நின்றது, இந்த ஆண்டு யானை முறித்துக் கிடக்கிறது என்று நேரில் பார்த்து எழுதியவர்கள் இருந்ததால்தான், குறைந்தது எது, எதனால் என்று சொல்ல முடிந்தது. தீயில் கருகிய சிறு கன்று செத்துவிட்டதா, அடுத்த மழைக்கு வேரிலிருந்து தளிர்க்கிறதா என்பதும் அப்படித்தான். ஒருமுறை மட்டும் போய்ப் பார்த்தவர் அதைச் செத்த கணக்கில் சேர்த்துவிடுவார்.

ஏன் இத்தனை ஆண்டுகள் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ரேமண்ட் லிண்டமன் என்ற ஆய்வு மாணவர், சீடர் போக் என்னும் சிறு ஏரியில் பாசியிலிருந்து மீன்வரை யார் யாரைத் தின்கிறார்கள் என்று ஐந்தாண்டு கணக்கெடுத்தார். உயிர்களிடையே ஆற்றல் படிப்படியாகக் கைமாறுவதை அதிலிருந்து விளக்கி அவர் எழுதிய கட்டுரையை, அவ்வளவு பெரிய முடிவுக்கு இந்தத் தரவு போதாது என்று ஆய்விதழின் மதிப்பீட்டாளர்கள் முதலில் ஒதுக்கினர். 1942இல் அது அச்சானபோது அவர் உயிருடன் இல்லை; இறந்தபோது வயது 26. கருத்து நிலைத்துவிட்டது என்றாலும், மதிப்பீட்டாளர்களின் தயக்கத்தை நான் முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். ஓர் ஏரியின் ஐந்தாண்டுகள் குறைவுதான். ஒருவருடைய முனைவர் பட்டக் காலத்துக்குள் காடு தன்னை முழுதாகக் காட்டுவதில்லை; அதனால்தான் ஆள் மாறினாலும் அளவு தொடரும் கள நிலையம் வேண்டியிருக்கிறது. உங்கள் மகள் இன்று எடுக்கும் அளவு, அவர் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த எண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்காரும்போதுதான் பொருள் பெறுகிறது.

யானைகளைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆபத்தே இல்லை என்று ஆறுதல் சொல்லமாட்டேன். ஆனால் அத்தகைய காடுகளில் அளவெடுப்போர் தனியாகச் செல்வதில்லை. காட்டின் ஓசையும் வாடையும் அறிந்த உள்ளூர்ப் பழங்குடி உதவியாளர்கள் உடன் நடக்கிறார்கள். அவர்கள் நில் என்றால் பேராசிரியரும் நிற்கத்தான் வேண்டும். அன்றைக்கு வேண்டாம் என்றால், அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு எல்லாரும் திரும்பிவிடுகிறார்கள்.