மாப்பிள்ளைக்கு வாங்கும் பாட்டில்

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 36. சொந்த ஊர் தேனிப் பக்கம் ஒரு கிராமம். பதினான்கு வருடம் குடித்தேன். விட்டு இன்றோடு 71 நாள். அதில் முதல் ஒரு மாதம் மறுவாழ்வு மையத்தில் இருந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த டைசல்பிரம் மாத்திரையை மனைவி தினமும் காலையில் கையில் கொடுக்கிறாள். வாரம் இரண்டு நாள், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் போகிறேன்.

இன்னும் பத்து நாளில் தீபாவளி. தங்கைக்குத் தலை தீபாவளி. அப்பா இல்லாததால் மாப்பிள்ளையைக் கவனிக்க வேண்டியது நான்தான். எங்கள் ஊரில் 'கவனிப்பது' என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். "நல்ல பாட்டிலா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து பேசிட்டு இரு, நீ குடிக்க வேண்டாம்" என்கிறார் பெரியப்பா மகன். மனைவி ஊருக்கே போக வேண்டாம் என்கிறாள். அம்மா போனில் அழுகிறார். ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிட்டு, அந்த ஒருநாள் மட்டும் குடித்துவிட்டு மறுபடி தொடரலாமே என்ற நினைப்பும் வருகிறது. நான் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம்), திருப்பூர்

அன்புத் தம்பிக்கு,

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன் என்று எழுதினீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் பத்து நாளைக்குள் முடிவு செய்யலாம். இது இன்றைக்கே பேச வேண்டியது.

நாம் குடிக்கும் சரக்கு உடம்புக்குள் போய் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாகத்தான் மாறுகிறது. கல்லீரல் அதை உடனுக்குடன் உடைத்துத் தள்ளிவிடும். அந்த வேலை நடக்காமல் தடுப்பதுதான் டைசல்பிரம். அதனால் கொஞ்சம் உள்ளே போனாலும் நஞ்சு தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். உயிர் போனவர்களும் உண்டு. கடைசி மாத்திரை போட்ட பிறகு இரண்டு வாரம் வரைக்கும் இது நடக்கலாம். இரண்டு நாள் என்று நீங்கள் போட்ட கணக்கு தப்பு, தம்பி. ஆபத்தான தப்பு.

இன்னொன்றையும் பாருங்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. யாரும் உங்களிடம் கிளாஸை நீட்டவில்லை. ஆனால் உள்ளுக்குள் தேதி குறித்தாகிவிட்டது. குடி திரும்பி வரும்போது முதலில் இப்படி ஒரு யோசனையாகத்தான் வந்து உட்காரும், ரொம்ப நியாயமான யோசனை மாதிரி இருக்கும். எனக்கு எழுதியதை அப்படியே இன்று ராத்திரி மனைவியிடம் சொல்லுங்கள். நாளைக்கு டாக்டரிடம் சொல்லுங்கள். அடுத்த மீட்டிங்கில் எழுந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதற்குப் பாதி பலம் போய்விடும். (உங்களுக்குத் தெரிந்து, உங்கள் சம்மதத்தோடு மாத்திரை தருகிறாரே, அதுதான் சரியான முறை. புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து போடும் வீடுகள் நிறைய இருக்கின்றன. தெரியாமல் அவன் போய்க் குடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன். இதைப் படிக்கும் யாரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.)

இனி அந்தப் பாட்டில். வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம்.

நான் விட்ட முதல் வருடம் இதையேதான் செய்தேன். விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. சகலைக்கு வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான்தான் குடிக்கப் போவதில்லையே என்று தைரியமாகப் போனேன். கடை வரிசையில் அரை மணி நேரம் நின்றேன். கம்பிக்குள் கையை விட்டுப் பாட்டிலை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். வீடு வருவதற்குள் அது என் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது. மாடியில் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்தோம். நான் தம்ளரில் மோர் வைத்திருந்தேன். சகலை மூடியைத் திருகினார். அந்த அலுமினிய வளையம் அறுபடும்போது 'கரக்' என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டதும் வாயில் எச்சில் ஊறியது. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. மோரைச் சுவர் ஓரமாக ஊற்றிவிட்டு நானே தம்ளரை நீட்டினேன். மறுபடி நிறுத்த எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் என் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

எழுபது நாளில் வயிறு கொஞ்சம் தேறியிருக்கும், கை நடுக்கம் போயிருக்கும். தூக்கம் இன்னும் சரியாகியிருக்காது. மூளை அந்தச் சத்தத்தையும் வாசனையையும் அதைவிட ரொம்ப நாளைக்கு மறக்காது. பட்டாசுப் புகை, ஆட்டுக்கறி வறுபடும் மணம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் "தோப்புப் பக்கம் போய்ட்டு வரலாமா" என்ற குரல், எல்லாமே பதினான்கு வருடமாகக் குடியோடு சேர்த்து முடிச்சுப் போட்டவை. இதில் மன உறுதியைச் சோதித்துப் பார்க்கிற வேலை எதற்கு?

அப்புறம், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மாப்பிள்ளை குடிப்பவரா என்று அதில் எங்கேயும் இல்லை. உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். புது மாப்பிள்ளைக்குப் பாட்டில் வைப்பது முறை என்று பெரியப்பா மகன் சொல்கிறார். மச்சினன் ஊற்றுகிறாரே, வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காதே என்று குடித்துப் பழகிய மாப்பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதலில் தங்கையிடம் பேசுங்கள். பிறகு மாப்பிள்ளையிடமே நேராகப் பேசுங்கள். "மாப்ள, எனக்குக் குடிநோய். ட்ரீட்மென்ட்ல இருக்கேன். இந்த வருஷம் நம்ம வீட்ல பாட்டில் கிடையாது." இவ்வளவுதான். அல்சர், சுகர் என்று காரணம் எதையும் கண்டுபிடிக்காதீர்கள். அல்சர் என்றால் பொங்கலுக்கு "ஆறிடுச்சா?" என்று கேட்பார்கள்.

நம் ஊரில் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொள்ளப்படுகிற 'வேண்டாம்' ஒன்று உண்டு. "மாலை போட்டிருக்கேன்." ஐயப்பனுக்கு மாலை போட்டவனிடம் 41 நாளும் எவனும் கிளாஸை நீட்ட மாட்டான். சாமி என்று கூப்பிட்டு எழுந்து வழிவிடுவான். சாமிக்காக வேண்டாம் என்பவனுக்குத் தருகிற மரியாதையை, உயிருக்காக வேண்டாம் என்பவனுக்கும் தர நம் ஆட்களால் முடியும். யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அதை நீங்கள் சொல்லப் போகிறீர்கள்.

மாப்பிள்ளையைக் கவனிக்க வேறு வழியா இல்லை? விடியற்காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போங்கள். மழை அதிகமாகி வனத்துறை தடை போடாமல் இருந்தால், மத்தியானம் எல்லாரையும் கும்பக்கரை அருவிக்குக் கூட்டிப் போங்கள். மத்தியானம் என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். டாஸ்மாக் கடை 12 மணிக்குத் திறக்கும், இரவு 10 வரை இருக்கும். காந்தி ஜெயந்திக்கும் திருவள்ளுவர் தினத்துக்கும் வள்ளலார் நினைவு நாளுக்கும் மூடுகிற கடை தீபாவளிக்கு மூடுவதில்லை. அன்றைக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்று மறுநாள் செய்தி வேறு வரும். அந்தச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஊருக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள் என்பேன், ஆனால் உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள். அவரும் பிள்ளைகளும் கூட வரட்டும். போனஸ் கவரைப் பிரிக்காமல் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். கம்பெனி ஆட்களோடு சேர்ந்து கோவில்வழி பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டாம். பஸ் ஏறுவதற்கு முன்னால் 'ஒரு கட்டிங்' என்று கிளம்பும் கூட்டம் எது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தீபாவளி சாயங்காலமே திரும்பிவர இப்போதே டிக்கெட் போடுங்கள். கையில் டிக்கெட் இருந்தால் "இன்னொரு நாள் இருந்துட்டுப் போ" என்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம்.

போன இடத்தில் ஆசை வந்து பிடித்தால்? அமெரிக்காவில் பில் வில்சன் என்று ஒருவர். 1935 மே மாதம், விட்டு ஐந்து மாதம் ஆனபோது, ஆக்ரன் நகரத்துக்கு ஒரு வியாபார விஷயமாகப் போனார். அது கைகூடவில்லை. கையில் காசும் அதிகம் இல்லை. தங்கியிருந்த ஹோட்டல் கூடத்தில் ஒரு பக்கம் பார், உள்ளே ஆட்கள் சிரித்துப் பேசுகிற சத்தம். இன்னொரு பக்கம் ஒரு போன். அவர் போன் பக்கம் போனார். தேவாலயங்களின் எண்களைப் பார்த்துக் கூப்பிட்டு, தன்னைப்போல ஒரு குடிகாரனோடு பேச வேண்டும் என்று கேட்டார். மறுநாள், அவர்கள் ஊரில் அன்னையர் தினம், டாக்டர் பாப் என்ற இன்னொரு குடிநோயாளியைச் சந்தித்தார். இன்றைக்கு நீங்கள் போகிற ஏ.ஏ. மீட்டிங் அந்தப் போனில் தொடங்கியதுதான்.

மீட்டிங்கில் மூன்று பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். "தீபாவளி அன்னைக்கு எப்ப வேணும்னாலும் கூப்பிடுவேன்" என்று. ஆசை வந்தால் அலைபோல ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பேச ஆள் வேண்டும். யாரும் கிடைக்காவிட்டால் 14446, போதை மீட்புக்கான இலவச எண். பசியோடும் இருக்காதீர்கள். வெறும் வயிறும் கோபமும் நம்மைப்போன்றவர்களைக் கடைக்குத் தள்ளுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அம்மா கிளறும் தீபாவளி லேகியத்தைச் சாப்பிடலாம். ஆனால் ஜீரணத்துக்கு என்று யாராவது அரிஷ்டம் கொடுத்தால் வேண்டாம். அதில் நொதித்த ஆல்கஹால் இருக்கும்.

ஒருவேளை தவறிவிட்டால், மாத்திரை போட்டிருக்கிறீர்கள் என்பதால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். 71 நாள் இருந்தவரால் மறுபடியும் இருக்க முடியும்.

அம்மா அழுவதைப் பற்றி. தீபாவளி விடிகாலையில் நீங்கள் எப்படிக் கிடப்பீர்கள் என்பதைப் பதினான்கு வருடமாகப் பார்த்தவர் அவர். முந்தின இரவின் நாற்றத்தோடு படுத்திருக்கும் மகனை எழுப்பி உட்காரவைத்து எண்ணெய் தேய்த்திருப்பார். இந்த முறை அவர் கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து பலகை போட்டு உட்கார்ந்திருங்கள். தலையில் எண்ணெய் வைக்கக் குனிவார். 81 நாள் ஆச்சும்மா என்று அப்போது சொல்லுங்கள். அதற்கு நாலு மணிக்காவது எழ வேண்டும், முந்தின இரவு சீக்கிரம் படுத்துவிடுங்கள்.