உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்: மழை ஜாக்கெட் கேள்வி பதில்

நில அளவை வேலையில் பல வருடம் மழையில் நின்றவன். பழைய ஜாக்கெட்டுகளை நானே சரிசெய்வதும் உண்டு. கேளுங்கள். குடை பற்றி மட்டும் வேண்டாம்.

கேள்வி: குறைந்த விலையில் ஒன்று வாங்க வேண்டும். லேபிளில் 10,000 மி.மீ. என்று இருக்கிறது. போதுமா?

பதில்: அந்த எண் துணிக்கு மட்டும்தான். துணியின் மேல் தண்ணீரை நிறுத்தி உயர்த்திக்கொண்டே போனால் எந்த உயரத்தில் கசிகிறது என்ற கணக்கு அது. 10,000 என்றால் பத்து மீட்டர். சும்மா நனைய 5,000 போதும். தோளில் பை அழுத்தினாலோ ஈர இருக்கையில் உட்கார்ந்தாலோ 10,000 தேவைப்படும்.

ஆனால் தையல் ஊசி போட்ட ஓட்டைக்கு அந்த எண் செல்லாது. ஜாக்கெட்டை உள்பக்கம் புரட்டுங்கள். ஒவ்வொரு தையல் மேலும் விரலகல டேப் ஒட்டியிருக்க வேண்டும். மலிவானவற்றில் தோளிலும் தலைமூடியிலும் ஒட்டிவிட்டு, அக்குளில் விட்டுவிடுவது வழக்கம். தண்ணீர் அங்கேதான் இறங்கும். டேப்பின் ஓரத்தை நகத்தால் லேசாக நெம்புங்கள். கடையிலேயே எழும்பினால் வைத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: பைக்கில் போகும்போது மார்பு மட்டும் நனைகிறது.

பதில்: ஜிப். காற்று தண்ணீரை அதன் பல்லிடுக்கில் தள்ளுகிறது. ஜிப்புக்கு வெளியே ஒரு மடிப்பு, உள்ளே ஒரு மடிப்பு இருப்பதாகப் பாருங்கள்.

கேள்வி: போன வருடம் நன்றாக இருந்தது, இப்போது துணியே ஊறிக் கனக்கிறது.

பதில்: துணி ஓட்டையாகவில்லை. தண்ணீரை முத்து முத்தாக உருட்டிவிடும் மேல்பூச்சு அழுக்கிலும் உராய்விலும் போய்விட்டது. வெளித்துணி ஊறினால் உள்ளே இருக்கும் வியர்வை வெளியேறாது. அதைத்தான் பாதிப் பேர் ஒழுகல் என்று நினைக்கிறார்கள். மென்சோப்பில் துவைத்து நன்றாக அலசுங்கள், துணி மென்மையாக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். காய்ந்த பிறகு, லேபிள் அனுமதித்தால், மேலே ஒரு துணி போட்டுக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். பூச்சு ஓரளவு உயிர்பெறும். இல்லையென்றால் ஸ்பிரே. உள்பக்கம் செதில் செதிலாக உரிந்தால் மட்டும் தூக்கிப் போடலாம். ஈரத்தோடு மடித்து வைத்தால் அந்த நிலை சீக்கிரம் வரும்.

கேள்வி: 8,000 போதுமா?

பதில்: தையலைப் பார்த்தீர்களா?

கேள்வி: நான் கட்டட வேலை. மூச்சுவிடும் துணி, அதாவது வியர்வை ஆவியை வெளியே விடும் துணி என்பதே ஏமாற்று. பிவிசி பிளாஸ்டிக் மழைக்கோட்டை மிஞ்ச ஆளில்லை.

பதில்: பாதி ஒப்புக்கொள்கிறேன். அசையாமல் நிற்கிறவருக்கும் கம்பியும் செங்கல்லும் உராயும் இடத்திலும் பிவிசிதான் சரி. கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் சுமை தூக்கினால்?

கேள்வி: தூக்கினால் வியர்க்கும். உங்கள் ஜாக்கெட்டிலும் வியர்க்கும்.

பதில்: வியர்க்கும், மறுக்கவில்லை. வெளியே வெக்கையும் ஈரமும் இருந்தால், மூச்சுவிடும் துணிக்குள் ஆவியை வெளிவிடும் எந்தச் சவ்வும் திணறும். ஆனாலும் அளவு என்று ஒன்று இருக்கிறது. வேலை மழையுடைக்கான ஐரோப்பிய இஎன் 343 தரத்தில், ஆவியை மிகக் குறைவாக வெளிவிடும் வகுப்பு 1 உடையை 25 டிகிரியில் தொடர்ந்து போட 60 நிமிடம்தான் பரிந்துரை. லேபிளில் முதல் எண் தண்ணீருக்கு, இரண்டாவது ஆவிக்கு. இரண்டாவதில் 1 இருந்தால் அது உங்கள் பிவிசியின் உறவு.

கேள்வி: ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை டீ குடிக்கக் கழற்றத்தானே போகிறோம்!

பதில்: சரி, இந்தப் புள்ளி உங்களுக்கு. மலையேறுகிறவர் கழற்ற முடியாது, அவருக்கு அக்குள் ஜிப் வேண்டும். சவ்வை விட அந்த ஜிப்தான் நிஜமான காற்று.

கேள்வி: அப்படியானால் 15,000 வாங்கலாமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

பதில்: உள்ளே ஸ்வெட்டர் போடுவீர்கள் என்றால் எடுங்கள். போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பும் மணிக்கட்டும் வெளியே தெரிந்தால் அடுத்த சைஸ். அப்புறம், அந்த நிலையிலேயே யாரையாவது அக்குள் டேப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.