“அப்போ பாத்ரூம் போக ஏன் மிஸ் கெஞ்சணும்?”

கேள்வி: தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். குழந்தைகளின் உரிமைகளைப் பள்ளி முழுக்கக் கொண்டுபோகும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் கொடுத்திருக்கிறார். சார்ட் ஒட்டினோம், உறுதிமொழி வாசித்தோம். மறுநாள் வகுப்பில் ஒரு குழந்தை எழுந்து, “எங்களுக்கு உரிமை இருக்குன்னா பாத்ரூம் போக ஏன் மிஸ் கெஞ்சணும்?” என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. “இதுக்குத்தான் அப்பவே வேண்டாம்னோம்” என்று சக ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். “எதிர்த்துப் பேசக் கற்றுக்கொடுக்காதீர்கள்” என்று பெற்றோர் கோபப்படுகிறார்கள். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தக் குழந்தை தொடங்கிவைத்துவிட்டது. அந்தக் கேள்வியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டால் திட்டு விழுமோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் குழந்தைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வரும். மலத்தை அடக்கினால் மலச்சிக்கல் வரும். இதெல்லாம் டாக்டர்கள் சொல்லிச் சலித்த சங்கதி. ஏழெட்டு வயதில் வகுப்புக்கு நடுவே உடை நனைந்துபோனால் அந்த அவமானம் எத்தனை வருஷமானாலும் மறக்காது. அதனால் கதவுப் பக்கம் ஒரு அட்டையை மாட்டிவிடுங்கள். போக வேண்டியவர் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போகட்டும், வந்ததும் திரும்ப மாட்டட்டும். அட்டை அங்கே இல்லாவிட்டால் யாரோ போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். ரொம்ப அவசரம் என்றால் மட்டும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடலாம். முதல் இரண்டு நாள் வகுப்பே வரிசையில் நிற்கும். நிற்கட்டும், புதுசு பழசானதும் தானாக அடங்கிவிடும்.

சார்ட்டைவிட இந்த அட்டை அதிகம் சொல்லிக்கொடுக்கும் என்பது என் எண்ணம். சார்ட்டில் இருப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. குழந்தைகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. மொத்தம் 54 பிரிவுகள், 196 தரப்புகள் ஏற்றிருக்கின்றன. அதில் 42ஆம் பிரிவை மட்டும் எடுத்துப் பாருங்கள். இந்த உரிமைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. நாம் பெரியவர்களை விட்டுவிட்டு நேரே குழந்தைகளிடம் போய் உறுதிமொழி வாங்குகிறோம். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே ஆசிரியர் அறைக்கு வருவோம். சிரிக்கிறவர்களை வில்லன்களாக நினைக்காதீர்கள். வகுப்பு கைமீறிவிடுமோ என்ற பயம்தான் அது. 54 பிரிவுகளையும் அவர்கள் முன்னால் விரிக்க வேண்டாம், மூன்று போதும். பள்ளியின் ஒழுங்குமுறை குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் (28). குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு (16). ஓய்வும் விளையாட்டும் உரிமை (31). இவற்றைக் காட்டிவிட்டு, “நாம் தினமும் செய்வதில் எது இதோடு இடிக்கிறது?” என்று மட்டும் கேளுங்கள். மார்க்கை உரக்க வாசிப்பது, வீட்டுப்பாடம் எழுதாதவனை இடைவேளையில் உட்காரவைப்பது என்று அவர்களே எடுத்துக்கொடுப்பார்கள். ஆளுக்கு ஒன்றை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கட்டும். (மார்க் வாசிப்பு எனக்குச் சொந்த அனுபவம். கடைசியாக வாசிக்கப்பட்ட பெயர் என்னுடையது. அன்று என்ன பரீட்சை என்பது மறந்துவிட்டது, வாசித்த குரல் மறக்கவில்லை.)

“கண்டிப்பு இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும்” என்பவர்களுக்கு யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொல்லுங்கள். போலந்துக்காரர், குழந்தை மருத்துவர். 1912 முதல் வார்சாவில் ஓர் அநாதை இல்லத்தை நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக உட்காரும் நீதிமன்றம் இருந்தது. பெரியவர்கள் மேலும் வழக்குப் போடலாம். அரை வருஷத்தில் ஐந்து தடவை தானே அதன் முன்னால் நின்றதாக அவர் எழுதியிருக்கிறார். குழந்தைகள் கொடுத்த தீர்ப்புகளில் பெரும்பாலானவை மன்னிப்புதான். இப்படி ஓர் உடன்படிக்கை வேண்டும் என்று 1978இல் ஐ.நா.வில் முதலில் முன்மொழிந்ததும் போலந்துதான்.

பெற்றோர் விஷயம் வேறு. அவர்கள் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. “கார்ட்டூன் பார்க்கிறது என் உரிமை” என்று வீட்டில் ஒரு வாண்டு சொல்லியிருக்கும். ஆசை எது, உரிமை எது என்று பிரித்துக் காட்டுவது உங்கள் வேலை. மூன்றாம் வகுப்புக்கு அது நன்றாகவே புரியும். அப்புறம், வழிகாட்டும் பொறுப்பும் உரிமையும் பெற்றோருக்கு இருப்பதை 5ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது. பெற்றோரை மதிக்கக் கற்றுத்தருவது கல்வியின் நோக்கங்களில் ஒன்று என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டையும் முதலில் வாசியுங்கள், பாதி இறுக்கம் தளரும்.

ஆனால் அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக, “கடமையைச் செய்தால்தான் உரிமை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நல்ல பள்ளிகளே சறுக்கும் இடம் இது. வீட்டுப்பாடம் எழுதாத குழந்தைக்கும் விளையாட்டு உண்டு, அடுத்தவனை அடித்த குழந்தைக்கும் அடி வாங்காமல் இருக்கும் உரிமை உண்டு. “உனக்கு இருப்பது பக்கத்தில் இருப்பவனுக்கும் இருக்கிறது” என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும்.

குழந்தைகள் கருத்தைக் கேட்பது பற்றி 12ஆம் பிரிவு பேசுகிறது. சொன்னதையெல்லாம் செய்ய வேண்டும் என்றில்லை, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும். மாணவர் மன்றம் வைத்தால் நன்றாகப் பேசும் அதே நாலு பேர்தான் வருவார்கள். கருத்துப் பெட்டி வைத்தால் எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? அதற்குப் பதிலாகப் பள்ளியின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் வரைந்து தரையில் விரியுங்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமாக இருக்கும் இடத்துக்குச் சிவப்பு. எல்லா வகுப்பும் வந்து வண்ணம் பூசட்டும். நாம் நினைத்தே பார்க்காத ஒரு மூலை, மாடிப்படி வளைவோ தாழ்ப்பாள் இல்லாத கழிவறையோ, சிவந்து நிற்கும். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிட வேண்டும்: இதைச் சரிசெய்தோம், இதை முடியவில்லை, காரணம் இது. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதைவிடக் கேட்காமல் இருப்பதே மேல்.

இதில் ஒரு முன்னேற்பாடு அவசியம். பேச இடம் கொடுத்தால், தன்னை யாரோ அடிப்பதையோ தொடுவதையோ ஒரு குழந்தை சொல்லக்கூடும். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றைக்கே உரியவரிடம் கொண்டுபோங்கள். அந்த உரியவர் யார் என்பது வரைபடத்தை விரிப்பதற்கு முன்பே பள்ளியில் முடிவாகியிருக்க வேண்டும்.

சரி, அந்தக் குழந்தைக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்கு எல்லார் முன்னாலும், “நீ கேட்டது சரியான கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை” என்று சொல்லுங்கள். அப்புறம் அட்டையை எங்கே மாட்டலாம் என்று அந்தக் குழந்தையிடமே கேளுங்கள். ஆணியை உங்கள் உயரத்துக்கு அடித்துவிடாதீர்கள்.